வெட்டி எடுத்த நிமிடங்கள்

மார்ச் 3

டீச்சரம்மாவுக்கு,

தபால்காரர் கடிதம் கொண்டுவந்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறியிருப்பாய். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பத்து நாளாக நான் உன் போனை எடுக்கவில்லை, நீ அனுப்பிய எதற்கும் பதில் சொல்லவில்லை. போன் நன்றாகத்தான் இருக்கிறது. என் குரலை இனிமேல் உனக்குக் கொடுப்பதாக இல்லை. காகிதத்தில் எழுதினால் அதை எடுத்து ஊருக்கெல்லாம் போட்டுக் காட்ட முடியாது, பார், அதனால்தான்.

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்கு ஆபீஸ் வேலைக்கு ஒரு பெண் புதிதாக வந்திருக்கிறாள். போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் போனை மேசை நடுவில் வைத்து, "இந்த பாட்காஸ்ட் கேளுங்க, வேலை செஞ்சுகிட்டே இங்கிலீஷ் கத்துக்கலாம், ரொம்ப நல்லா இருக்கு" என்றாள். முதலில் வந்தது உன் குரல். எனக்கு எப்படி இருந்திருக்கும்! "இது என் தங்கச்சி" என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் நீ, "இப்போது ஒரு மாணவியின் பதிலைக் கேட்போம்" என்றாய். அடுத்து வந்தது நான்.

என் இருமலோடு. "அய்யோ, இதை எப்படிச் சொல்றது" என்று நடுவில் தமிழில் புலம்புவதோடு. விரிப்புக்கும் போர்வைக்கும் இங்கிலீஷில் வார்த்தை மாறிப்போய், திரும்பத் திரும்ப அதையே பிடித்துக்கொண்டு தொங்குவதோடு. மேசை முழுக்க ஒரே சிரிப்பு. "இது நம்ம அக்கா இல்ல?" என்று யாரோ கேட்டார்கள். என் முகத்தில் ஈயாடவில்லை. டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டேன்.

ஆறு மாதத்துக்கு முன்னால் நீதானே சொன்னாய், "அக்கா, உன் கைக்குத்தான் வேலை, காது சும்மாதானே இருக்கு" என்று? தினம் பத்து நிமிடப் பாடம் அனுப்பினாய். இயர்போனை மாட்டிக்கொண்டு துணி மடித்தபடியே கேட்டேன். பாடத்தின் கடைசியில் நீ ஒரு கேள்வி கேட்பாய், நான் வீட்டுக்கு வந்து போனில் பதிலைப் பேசி உனக்கு அனுப்புவேன். உனக்கு மட்டும்தான் என்று நினைத்து அனுப்பினேன். ஒரு நாளாவது என்னிடம் கேட்டாயா?

ஏப்ரல் 20-ஆம் தேதி மேற்பார்வையாளர் பதவிக்கு நேர்முகம். வார்டு நர்சுகளோடு நாள் முழுக்க போனில் இங்கிலீஷில் பேசுகிற வேலை. இதற்காகத்தான் இவ்வளவு பாடமும் படித்தேன். இனி அந்த நேர்முக மேசைக்கு முன்னால் உட்கார்ந்து வாயைத் திறக்க என்னால் முடியாது. விலகிக்கொள்கிறேன்.

உன் அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்கா,

நீ என்னை 'டீச்சரம்மா' என்று எழுதியதைப் பார்த்ததுமே உன் கோபம் புரிந்துவிட்டது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். 'அடி வாயாடி' என்று ஆரம்பிக்காத உன் கடிதத்தைப் படிக்க எனக்குத் தெரியவில்லை.

தப்புதான். உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். ஆனால் எப்படி ஆயிற்று என்றும் சொல்கிறேன், கேள்.

என் வகுப்புக்கு வருகிறவர்கள் எல்லாரும் உன்னைப் போலத்தான். டாக்சி ஓட்டுகிறவர், ஓட்டல் சமையலறையில் பாத்திரம் தேய்க்கிறவர், துணிக்கடையில் நிற்கிறவர். ஷிப்ட் மாறினால் வகுப்பு போச்சு. அதனால் உனக்கு அனுப்பிய பாடங்களையே பாட்காஸ்ட்டாகப் போட ஆரம்பித்தேன். பஸ்ஸில் போகும்போதும் கேட்கலாம், பாத்திரத் தொட்டி முன்னால் நிற்கும்போதும் கேட்கலாம் என்று. முதல் நாலு பாடத்தில் என் குரல் மட்டும்தான். டாக்சிக்காரர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்: "டீச்சர், நல்லாத்தான் இருக்கு, ஆனா வண்டி ஓட்டும்போது தூக்கம் வருது."

ஐந்தாவது பாடத்தில் உன் பதில் ஒன்றைச் சேர்த்தேன். மறுநாளே அவர் வந்து, "அந்தம்மா யாரு? அவங்கள தினமும் பேசச் சொல்லுங்க" என்றார். அதிலிருந்து கேட்கிறவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். 'அந்த அக்கா பேசுவதைக் கேட்டால் எனக்கும் பேச வருகிறது' என்று எவ்வளவு பேர் எழுதுகிறார்கள் தெரியுமா? உன்னிடம் சொல்லத்தான் நினைத்தேன். சொன்னால் கூச்சப்பட்டுப் பேசுவதையே நிறுத்திவிடுவாயோ என்று தள்ளிப்போட்டேன். உன் பெயரை நான் எங்குமே சொல்லவில்லை, அக்கா. உன் சலவைக்கூடத்திலேயே போய்ப் போடுவார்கள் என்று கனவா கண்டேன்?

சிரித்தவர்களை விடு. அவர்களில் எத்தனை பேர் இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசுவார்கள்? நீ நேர்முகத்துக்குப் போ. எனக்காக வேண்டாம், உனக்காகப் போ. போன் எடு.

உன் வாயாடி

மார்ச் 15

டீச்சரம்மாவுக்கு,

பெயரைச் சொல்லவில்லையாம்! இருபத்தெட்டு பேர் என்னோடு வேலை செய்கிறார்கள். என் இருமல் கேட்டாலே யார் வருகிறது என்று சொல்லிவிடுவார்கள். பெயர் எதற்கு?

இருந்தாலும் கேள். சிரித்ததற்கு நான் கோபித்துக்கொண்டேன் என்று முதல் கடிதத்தில் எழுதினேன். அது பாதி உண்மை. மீதியை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் உனக்கு இன்னமும் எதுவும் உறைக்கவில்லை.

அன்று சாப்பாட்டு மேசையில் கேட்டது ஒரு பாடம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் அறையில் தனியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டேன். பதினான்காவது பாடம் வந்தது. கேள்வி ஞாபகம் இருக்கிறதா? 'சின்ன வயதில் என்னவாக ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டீர்கள்?'

அந்தப் பதிலை நான் பேசிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மழை பெய்துகொண்டிருந்தது. கையில் இருந்த பத்து இருபது வார்த்தைகளை வைத்துக்கொண்டு ஏதோ சொன்னேன். தமிழில் எழுதினால் இப்படி வரும்: 'எனக்குப் படிக்க ஆசை. அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை. நான் வேலை. தங்கை படிப்பு. எனக்குச் சந்தோஷம். கொஞ்சம் சந்தோஷம் இல்லை.'

பத்தாம் வகுப்போடு நான் நின்ற கதை நம் வீட்டில் யாரும் பேசியதில்லை. நானும் பேசியதில்லை. நீ கல்லூரியில் சேர்ந்த நாளிலும் பேசவில்லை, உனக்கு வேலை கிடைத்த நாளிலும் பேசவில்லை. தமிழில் அதைச் சொன்னால் உன் மேல் பழி போடுவது போல ஆகிவிடும். இங்கிலீஷில் சொல்வது சுலபமாக இருந்தது. வேறு யாரோ ஒருத்தி சொல்வது போல இருந்தது. ஆனாலும் உனக்குத்தான் சொன்னேன். நீ கேட்பாய் என்றுதான் சொன்னேன்.

நீ என்ன செய்தாய் தெரியுமா? என் குரல் நின்றதும் உன் குரல் வந்தது, மணி அடித்த மாதிரி: 'நல்ல முயற்சி! இதில் ஐந்து பிழைகள் இருக்கின்றன. கண்டுபிடியுங்கள் பார்க்கலாம்.'

ஊரெல்லாம் உட்கார்ந்து எண்ணியிருக்கும். நீயும் எண்ணினாய். ஐந்து.

நேர்முகத்திலிருந்து விலகுவதாக ஆபீஸில் சொன்னேன். எழுத்தில் கொடுக்க வேண்டுமாம். அதையும் இங்கிலீஷில்தான் கொடுக்க வேண்டுமாம். என் தலையெழுத்தைப் பார். இதற்கும் உன்னைத்தான் கேட்க வேண்டும். கேட்க மாட்டேன். நானே எழுதிக்கொள்கிறேன்.

அக்கா

மார்ச் 29

அக்கா,

உன் கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. மூன்று முறை பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். ஒவ்வொன்றிலும் நான் நல்லவள் என்று நிரூபித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பதிவைத் திரும்பக் கேட்டேன். ஆறு மாதமாக உன் குரலில் நான் தப்பு மட்டுமே தேடியிருக்கிறேன். நீ என்ன சொல்கிறாய் என்று கேட்கவே இல்லை. உன் சொந்தத் தங்கைக்கே அது கேட்கவில்லை என்றால் நான் எதற்கு டீச்சர்? நீ பள்ளிக்கூடத்தை விட்டது எனக்குத் தெரியாது என்று பொய் சொல்ல மாட்டேன். தெரியும். கேட்காமல் இருக்கும்வரை சௌகரியமாக இருந்தது, அதனால் கேட்கவில்லை.

எல்லாப் பாடங்களையும் எடுத்துவிட்டேன். பாட்காஸ்ட் இப்போது காலி. வகுப்பில் ஏன் என்று கேட்டார்கள். அனுமதி வாங்காமல் போட்டேன், தப்பு, எடுத்துவிட்டேன் என்று சொன்னேன். டாக்சிக்காரர் நோட்டை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நீ திட்டியதே தேவலை.

இன்னொன்று சொல்ல வேண்டும். இதை யாரிடமும் சொன்னதில்லை. என் பாடங்களில் நான் ஒரு இடத்தில்கூடத் தடுமாற மாட்டேன், கவனித்திருப்பாய். அது பொய். அறையில் எதிரொலிக்கும் என்பதால் துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு பதிவு செய்வேன். பத்து நிமிடப் பாடத்துக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். உளறுவேன், வார்த்தை மறந்துபோகும், என்னையே திட்டிக்கொள்வேன். பிறகு உட்கார்ந்து என் தடுமாற்றம் ஒவ்வொன்றையும் வெட்டி எடுப்பேன். உன்னுடையதை மட்டும் அப்படியே விட்டுவிடுவேன். அதுதான் பாடத்துக்கு அழகு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் பிழைகளை ஒளித்துவிட்டு உன் பிழைகளைக் கடை விரித்திருக்கிறேன், அக்கா.

இந்த உறையில் ஒரு மெமரி கார்டு இருக்கிறது. உன் பழைய போனில் போட்டால் பாடும். பதினான்காவது பாடத்தை நான் பதிவு செய்த கதை, ஒரு நொடிகூட வெட்டாமல். உன் அறையில் கேட்டாலும் சரி, சாப்பாட்டு மேசையில் எல்லாருக்கும் போட்டுக் காட்டினாலும் சரி. உனக்கு அந்த உரிமை இருக்கிறது.

விலகல் கடிதம் எழுத நான் உதவ மாட்டேன். அது மட்டும் என்னால் முடியாது.

தங்கை

ஏப்ரல் 5

அடி வாயாடி,

கார்டு வந்தது. இரண்டு நாள் தொடாமல் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் வேலைக்குப் போகும் பஸ்ஸில் போட்டேன். தப்பு செய்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வேறு இடத்துக்குப் போய்விட்டார். அப்படிச் சிரித்திருக்கிறேன்.

ஐம்பத்தொரு நிமிடமா அது! மேல்வீட்டில் எவரோ சுவரில் துளை போடுகிறார், நீ அலமாரிக்குள் இருந்துகொண்டு "அண்ணே, ஒரு பத்து நிமிஷம் நிறுத்துங்கண்ணே" என்று கத்துகிறாய். அவருக்கு எப்படிக் கேட்கும்? 'ஆசைப்பட்டீர்கள்' என்பதற்கு உன் வாயில் இங்கிலீஷ் வரவே இல்லை. "சனியனே, ஒழுங்கா சொல்லித் தொலை" என்கிறாய். ஏதோ ஒரு சட்டை உன் மூக்கில் பட்டுத் தும்முகிறாய். ஊருக்கு இங்கிலீஷ் சொல்லித் தருகிறவள் படுகிற பாடு இவ்வளவா!

சிரித்து ஓய்ந்த பிறகு ஒன்றைக் கவனித்தேன். தடுமாறும்போதெல்லாம் ஒரு மூச்சு விடுகிறாய், பிறகு இங்கிலீஷில் ஒரே வாக்கியம் சொல்கிறாய்: 'லெட் மீ சே தட் அகெய்ன்.' அதாவது, இன்னொரு முறை சொல்கிறேன். உடனே ஆரம்பத்திலிருந்து நிதானமாகச் சொல்கிறாய். எண்ணினேன். முப்பத்தொரு முறை. நீ என் பிழைகளை எண்ணியது போலத்தான், பதிலுக்குப் பதில்.

அடியே, ஆறு மாதமாக எனக்கு வணக்கம் சொல்லக் கற்றுக்கொடுத்தாய், நன்றி சொல்லக் கற்றுக்கொடுத்தாய், தேதி கேட்கக் கற்றுக்கொடுத்தாய். எனக்கு வேண்டியிருந்தது இந்த ஒரு வாக்கியம். அதைப் போய் வெட்டி எறிந்திருக்கிறாயே! தடுக்கி விழுந்தால் எப்படி எழுந்திருப்பது என்று தெரியாமல்தான் நான் போனைப் பிடித்தபடி வியர்த்துக்கொண்டிருந்தேன். படித்தவர்கள் தடுக்குவதே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு செய்தி. எங்கள் ஸ்டீம் அக்காவைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன் அல்லவா? துணி தேய்க்கிற பெரிய ஸ்டீம் பிரஸ்ஸில் பல வருடமாக நிற்பவர். வார்டிலிருந்து யார் என்ன கேட்டாலும் 'யெஸ்', 'நோ' இரண்டைத் தவிர ஒன்றும் பேச மாட்டார். நேற்று நான் விரிப்பு அடுக்கிக்கொண்டிருந்தேன், நேராக வந்து நின்றார்.

"உன் குரல் எங்க போச்சு?"

"எந்தக் குரல்?"

"போன்ல வருமே. நாலு நாளா தேடுறேன், காணோம்."

என் தங்கைதான் எடுத்துவிட்டாள், என் பிழைப்பைப் பார்த்து ஊரே சிரிக்கிறது என்றேன். அவர் பேசினார் பார், அத்தனை வருடத்துக்கும் சேர்த்து.

"நானும்தான் சிரிச்சேன். எனக்கு வர்ற அதே தப்பு உனக்கும் வருதேன்னு சிரிச்சேன். நான் தப்பு வந்தா வாயை மூடிக்குவேன். நீ மூடல, பேசிகிட்டே போனே. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் போன மாசம் டாக்டர்கிட்ட நானே முழங்கால் வலியைச் சொன்னேன். எப்பவும் மகளைக் கூட்டிட்டுப் போவேன், அன்னைக்கு வேணாம்னுட்டேன்."

சொல்லிவிட்டுப் பிரஸ்ஸுக்குப் போய்விட்டார். மற்றவர்கள் எதற்குச் சிரித்தார்களோ தெரியாது. ஒவ்வொருவராகப் பிடித்து விசாரிக்கவா முடியும்?

விலகல் கடிதம் பாதியில் நிற்கிறது. 'வருத்தத்துடன்' என்ற இடத்தில் மாட்டிக்கொண்டேன். எழுதி முடிப்பேனா என்று எனக்கே தெரியவில்லை. இன்னும் பயம் போகவில்லை, பூசி மெழுக மாட்டேன். உன் மேல் கோபமும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

பதினான்காவது பாடத்தைப் பற்றி அழுதுகொண்டிருக்காதே. உனக்கு அழுதால் மூக்கடைக்கும்.

அக்கா

ஏப்ரல் 11

அன்புள்ள அக்கா,

'அடி வாயாடி' என்று படித்ததும் பேருந்து நிறுத்தத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மூக்கடைத்துத்தான் இருக்கிறது.

நேர்முகத்துக்குப் போ என்றும் சொல்ல மாட்டேன், போகாதே என்றும் சொல்ல மாட்டேன். நான் சொல்லி நீ நடந்ததெல்லாம் போதும். ஆனால் 'வருத்தத்துடன்' என்பதற்கு இங்கிலீஷ் வார்த்தை என்னிடம் கேட்டாலும் சொல்ல மாட்டேன். அந்த அகராதியை ஒளித்து வைத்துவிட்டேன்.

நேற்று வகுப்பில் முதல் முறையாக எல்லாருக்கும் தெரியும்படியே தடுமாறினேன். எப்போதும் இருமுவது போல நடித்துச் சமாளிப்பேன். நேற்று சமாளிக்கவில்லை. 'இன்னொரு முறை சொல்கிறேன்' என்று சொல்லிவிட்டுத் திரும்பச் சொன்னேன். வகுப்பே அந்த வாக்கியத்தை எழுதிக்கொண்டது. நான் எழுதச் சொல்லவே இல்லை.

இருபதாம் தேதி முழுக்க எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. போனைப் பார்க்க மாட்டேன், சத்தியம். தபால்காரரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உன் வாயாடி

ஏப்ரல் 23

அடி வாயாடி,

போனேன்.

காலையில் வயிறு சரியில்லை, தொண்டை சரியில்லை, செருப்பு சரியில்லை. திரும்பிப் போய்விடலாம் என்று கதவுவரை போனேன். ஸ்டீம் அக்கா பிரஸ்ஸை விட்டுவிட்டு அங்கே வந்து நின்றுகொண்டிருந்தார். வழியை விடவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். மேனேஜர், தலைமை நர்ஸ், எனக்குத் தெரியாத ஒருவர். தலைமை நர்ஸ் கேட்டார்: 'அழுக்குத் துணி மூட்டைக்குள் ஊசி கிடந்தால் என்ன செய்வீர்கள்?' இது எனக்கு நடந்த விஷயம்டி. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு விரிப்பை உதறும்போது ஊசி வந்தது. அந்த வார்டுக்குப் போன் செய்து சொல்லத் தெரியாமல், ஊசியை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு நாலு மாடி ஏறிப்போய்க் கையைக் காட்டிக் காட்டிச் சொன்னேன். அதைச் சொல்ல ஆரம்பித்தேன். மூன்றாவது வாக்கியத்தில் எல்லாம் குழம்பிவிட்டது. ஊசி மாடி ஏறுகிறது, நான் டப்பாவுக்குள் இருக்கிறேன். நாக்கு ஒட்டிக்கொண்டது.

மூச்சு விட்டேன். 'லெட் மீ சே தட் அகெய்ன்' என்றேன். ஆரம்பத்திலிருந்து சொன்னேன். மொத்தம் நாலு முறை அந்த வாக்கியத்தைச் சொன்னேன், உன் கணக்குக்குப் பக்கத்தில்கூட வராது. ஒருவரும் சிரிக்கவில்லை. தலைமை நர்ஸ் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். அப்புறம், "போன்ல நீங்க சொன்னது அவங்களுக்குப் புரியலைன்னா?" என்றார். திரும்பச் சொல்வேன் என்றேன். அப்போதும் புரியாவிட்டால்? மாடி ஏறுவேன் என்றேன். அதற்குத்தான் மூன்று பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு வலிக்கவில்லை.

நேற்று மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார். வேலை எனக்குத்தான். முதல் மூன்று மாதம் பழகிப் பார்ப்பார்கள், பிறகு நிரந்தரம். திங்கட்கிழமையிலிருந்து போன் மேசை என்னுடையது. வெளியே வந்து கைகழுவும் இடத்தில் நின்று அழுதேன், சந்தோஷத்தில்தான்.

உன் பாட்காஸ்ட்டைத் திரும்பப் போடு. என் குரலையும் போடு, இந்த முறை நானே சொல்லித்தான் போடுகிறாய். உன் தும்மலையும் திட்டையும் சேர்த்துப் போட வேண்டும், அது என் நிபந்தனை. பதினான்காவது பாடத்தை மட்டும் போடாதே. அழிக்கவும் வேண்டாம். அது உனக்குச் சொன்னது, உன்னிடம் இருக்கட்டும்.

கோபம் போய்விட்டதா என்று கேட்பாய். போய்விட்டது. கொஞ்சம் சந்தோஷம் இல்லை என்று சொன்னேனே, அது போகவில்லை. அது உன் மேல் உள்ள வருத்தம் இல்லை. உன்னைப் படிக்க வைத்ததில் எனக்கு ஒரு நாளும் குறை இல்லை. ஆனாலும் என் பத்தாம் வகுப்புப் புத்தகங்களை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சை என்னவோ செய்கிறது. அதை இருபத்தாறு வருடமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். கடைசியில் அரைகுறை இங்கிலீஷில் சொல்லி, அதையும் நீ திருத்திவிட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்கிறேன். பாடம் வேண்டாம். உனக்கு அதை முழுசாகத் தமிழில் சொல்ல வேண்டும். எவ்வளவு நேரம் ஆகுமோ தெரியாது. நடுவில் நிறுத்துவேன், அழுவேன், திரும்ப ஆரம்பிப்பேன்.

நீ கேட்டுக்கொண்டு மட்டும் இரு.

உன் அக்கா